பெயர் கேளாத காணிக்கை



மற்றவர்கள் முன்னின்று நடத்தும் பணிக்கு உதவ வருகிறவர் எங்கே நிற்கவேண்டும்? அமெரிக்காவின் மான்ட்கமரி நகரத்தை நினைத்துப் பாருங்கள்.

1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் சைக்ளோஸ்டைல் மிஷினில் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை எடுத்தார். அவர் தலைமை வகித்த கறுப்பினப் பெண்களின் அரசியல் சங்கம் அவற்றை ஊரெங்கும் சேர்த்தது. போதகர் மார்ட்டின் லூதர் கிங்கை நாம் அறிவோம். முதல் அழைப்பு பெண்களுடையது. 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை.

அங்கே கறுப்பினச் சபையொன்றின் போதகராயிருந்த வெள்ளையர் ராபர்ட் கிரெட்ஸ் என்ன செய்தார்? தம் காரில் ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். போகவேண்டிய இடத்தை ஏறினவர்கள் சொன்னார்கள். 1956-இல் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். அவர் விலகவில்லை.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மாள், பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாப்பாடும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் திரட்டினார். பணம் எங்கிருந்து வந்தது? ‘எங்கிருந்தும் இல்லை!’ அந்தக் குழுவின் பெயரே அதுதான். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. வெள்ளையரும் அதில் கொடுத்தார்கள். அவர்களுக்கு மேடையுமில்லை, மாலையுமில்லை. (வார்டு சுவரில் பெயர்ப்பலகை கேட்டுக் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.) அந்தப் பணம் வண்டிகளுக்குப் பெட்ரோலாயிற்று.