மின்நூலும் உழைப்பாளி மக்களும்

(வண்ணாரப்பேட்டையில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மையில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தின் வாசலில் நாம் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் தரையில் துணி விரித்து, சிறு பிரசுரங்களை முன்னாலும் பெரிய நூல்களைப் பின்னாலும் அடுக்கியிருந்தோம். துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் வந்தார். ஒரு நூலை எடுத்துப் புரட்டினார். "தோழர், இது என் போன்லயே இருக்கு. நம்ம குரூப்ல அனுப்பினாங்க" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். வெளிவந்து மூன்று மாதமே ஆன மொழிபெயர்ப்பு நூல் அது. அன்று அதில் ஒரு பிரதிகூட விற்கவில்லை.

அந்த வாலிபர்மீது நமக்குக் கோபமில்லை. இரவு ஷிப்டின் இடைவேளையில் அவர் படிக்கிறார் என்பதே மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் அவர் போனபிறகு நம் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. மின்நூல் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. ஈய எழுத்தைக் கோத்து வயிறு வளர்த்த கம்பாசிட்டர்கள், கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு வந்தபோது வேலை இழந்து தெருவில் நின்றார்கள். அன்றும் குற்றம் இயந்திரத்தினுடையதல்ல. அதன் பலனை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் அநீதி இருந்தது. மின்நூலையும் அந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

மின்நூலால் விளைந்த நன்மை சிறிதல்ல. முன்பெல்லாம் ஒரு நூலைக் கொண்டுவர வேண்டுமானால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட்டாக வேண்டும். காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங், கிடங்கு வாடகை எல்லாவற்றுக்கும் பதிப்பாளர் முன்பணம் போட வேண்டும். விற்றுத் தீர வருஷக்கணக்கில் ஆகும். நூலக ஆர்டர் வரவில்லையென்றால் கதி அதோகதிதான். இன்று ஐம்பது, நூறு பிரதிகள்கூடத் தேவைக்கேற்ப அச்சிடலாம். மின்நூலுக்கோ காகிதமும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம்.

1998-ஆம் ஆண்டு பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, உலகுக்கு இலவசமாக வழங்கினார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே இலங்கைத் தமிழர்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் காப்பதற்கு 2005-இல் 'நூலகம்' திட்டம் பிறந்தது. கூட்டு உழைப்பின் கையில் இந்தக் கருவி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

2016 டிசம்பரில் அமேசான் கம்பெனி தன் கிண்டில் கடையில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியது. அங்கே 'வாங்கு' என்று எழுதியிருக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியை மட்டுமே! 2009-இல், வெளியிட்டவரிடம் உரிமை இல்லை என்று காரணம் காட்டி, ஆர்வெல்லின் நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அந்தக் கம்பெனி அழித்தது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியது; பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகங்களோ மறைந்துபோயின. நம் வீட்டுப் பரணில் இருக்கும் புத்தகத்தைக் கடைக்காரர் இரவோடு இரவாக வந்து எடுத்துப்போக முடியுமா?

எழுத்தாளர் நிலை என்ன? மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டத்தில், 2015 முதல், வாசகர் எத்தனை பக்கம் படித்தாரோ அத்தனை பக்கத்துக்கே பணம். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். நேரடியாக வெளியிடும் எழுத்தாளர் அத்திட்டத்தில் சேர்ந்தால், அந்த மின்நூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. பீஸ் ரேட்டுக்குத் துணி தைக்கும் நம் பேட்டைத் தாய்மார்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ரேட்டை நிர்ணயிப்பவன் முதலாளி. வேறு இடத்தில் தைக்கக் கூடாது என்பவனும் அவனே!

நிற்க. இப்போது சுயவிமர்சனத்துக்கு வருவோம்.

"முதலாளிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? பி.டி.எஃப். அனுப்பினால் அதுவே பொதுவுடைமை" என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். இது தவறு. நாம் சொன்ன அந்த மொழிபெயர்ப்பு நூலால் நஷ்டப்பட்டது எந்த ஏகபோகக் கம்பெனி? ஒருவருமில்லை. இரவெல்லாம் விழித்து மொழிபெயர்த்தவரும், கடன் வாங்கி அச்சிட்ட சிறு பதிப்பாளரும்தான் நஷ்டப்பட்டார்கள். ஓர் உழைப்பாளியின் கூலியை மற்றோர் உழைப்பாளி மறுப்பது எப்படிப் பொதுவுடைமையாகும்?

உண்மையான பொதுவுடைமைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பாரதியின் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை ஒரு சினிமா அதிபரின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. மக்கள் குரல் எழுப்பினார்கள். 1949-இல் சென்னை மாகாண சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை அனைவருக்கும் பொதுவாயின. கவிஞரின் குடும்பத்துக்கும் சர்க்கார் பணம் கொடுத்தது. பின்னால் வந்த சர்க்கார்களும் பல எழுத்தாளர்களின் நூல்களை இவ்வாறே நாட்டுடைமை ஆக்கின. சமுதாயம் விலை கொடுக்கிறது. மக்கள் அனைவரும் படிக்கிறார்கள். இதுதான் நம் வழி.

ஆகவே நாம் கேட்பது என்ன? 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டும் அந்த வரி நம் வாடகைக்குள்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பணத்தில் நூலகங்கள் மின்நூல்களையும் வாங்கட்டும். எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் நியாயமான தொகை கொடுக்கட்டும். ஓர் அங்கத்தினர் சீட்டு இருந்தால் துறைமுகத் தொழிலாளி தன் போனிலேயே கடன் வாங்கிப் படிக்கட்டும். நாட்டுடைமை நூல்கள் யாவும் பிழை நீங்கிய பதிப்பாக, சிறிய போனிலும் தடங்கலின்றிப் படிக்கும் வடிவில் கிடைக்கட்டும்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களையும், நாட்டுடைமை நூல்களையும், ஆசிரியர் தாமே இலவசமாகத் தந்தவற்றையும் தாராளமாகப் பரப்புங்கள். புதிய நூலை நாலு பேர் பணம் போட்டு ஒரு பிரதி வாங்கிக் கைமாற்றிப் படியுங்கள். அச்சுப் பிரதிக்கு அந்த உரிமை உண்டு. எந்தக் கம்பெனியும் அதைப் பறிக்க முடியாது.

1952-இல் தோழர் ஜீவாவைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இந்த வண்ணாரப்பேட்டை. புத்தகத்தை உயிராக நேசித்த தலைவர் அவர். அவர் வழியில் நாமும் துணி விரித்துப் புத்தகம் விற்போம். விற்பதோடு நில்லாமல் வாங்குபவரோடு பேசுவோம். அந்தப் பேச்சை எந்தக் கருவியும் செய்து தர முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த வாலிபரையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். போனைக் கொண்டு வரட்டும். நாம் புத்தகத்தைக் கொண்டு வருவோம். சேர்ந்து படிப்போம்!