எட்டுப் பந்துக்கு எத்தனை வருடம்?



"மனிதனை உயர்த்துவது வாய்ப்பா, தயாராக இருப்பதா?" இதுதான் வழக்கு. "வாய்ப்பே வரலேன்னா திறமையை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். திருவண்ணாமலையில் நின்று கேட்கிற கேள்வியா இது? இங்கே தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார். வருடத்தில் ஒரே நாள், அதுவும் சில நிமிடம். ஆடிக்கொண்டே வருவார், மலையில் தீபம் எரியும், உள்ளே போய்விடுவார். தோள் கொடுத்து அவரைத் தூக்கி வருகிறவர்கள், "முதல்ல சாமி வெளியே வரட்டும், அப்புறம் பழகிக்கலாம்" என்றா இருப்பார்கள்? (கைதட்டல்)

கார்த்திகை தீபம் என்றதும் எனக்கு ஒரு கார்த்திக் ஞாபகம் வருகிறார். நம்ம சென்னைப் பிள்ளை, விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக். 2004-இல், 19 வயதில் டெஸ்ட் ஆட வந்தார். 2005 டிசம்பரில் அவர் இடத்துக்கு தோனி வந்தார். எந்த ஊரில் தெரியுமா? இவருடைய சொந்த ஊரில், சேப்பாக்கத்தில்! பந்து வீச நாலு பேர் இருக்கலாம். கீப்பர் ஒருத்தர்தானே? ஓர் உறையில் ரெண்டு வாள் எப்படி இருக்கும்? 2010 ஜனவரிக்குப் பிறகு டெஸ்ட்டில் இவருக்கு இடமே இல்லை.

2018 ஜூன். விருத்திமான் சாஹாவுக்குக் கட்டைவிரலில் காயம். "கூப்பிடு கார்த்திக்கை!" இடையில் இந்தியா ஆடிய 87 டெஸ்ட்களில் இவர் இல்லை. வயது 33 ஆகிவிட்டது.

"பார்த்தீங்களா, சாஹாவுக்கு அடிபட்டதாலதானே வாய்ப்பு?" என்பார்கள் எதிரணியினர். ஐயா, அடிபட்டது சாஹா விரல். ஆனால் எட்டு வருடமாகக் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் இவரல்லவா? அதற்கு மூன்று மாதம் முன்னால், கொழும்பில் வங்கதேசத்தோடு இறுதி ஆட்டம். தன்னைவிட இளையவரை முன்னால் அனுப்பினார்களே என்று இவருக்கு வருத்தம். உள்ளே போனபோது 12 பந்தில் 34 ரன் வேண்டும். ஆடியது எட்டுப் பந்து, அடித்தது 29. கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை, சிக்சர்! வள்ளுவர் 'காலமறிதல்' அதிகாரத்தில் ஒரு கொக்கைக் காட்டுவாரே, அந்தக் கொக்குதான் இவர்! (கைதட்டல்)

சரி, அந்த டெஸ்ட் என்ன ஆச்சு? பெங்களூரில் ஆப்கானிஸ்தானோடு நாலே ரன். அடுத்து இங்கிலாந்தில் 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்ட்டுக்கு 20 வயது ரிஷப் பந்த் வந்துவிட்டார். இதை மறைத்துப் பேசினால் நான் பேராசிரியன் இல்லை, வக்கீல். (சிரிப்பு) தயாராக இருக்கிறவன் ஜெயித்தே தீருவான் என்று நான் சொல்லவில்லை. தோற்ற மறுநாளும் தயாராகிறான் பாருங்கள், அங்கேதான் மனுஷன் உயர்கிறான். 2022 டி-20 உலகக் கோப்பையில், 37 வயதில், மறுபடியும் இந்தியச் சட்டையோடு நின்றார் அவர்.

நம்ம வீட்டிலும் ஒருத்தர் உண்டு. அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டால், கூப்பிடாமலே அடுப்படிக்குள் நுழைகிற அத்தை. "உப்புக் கொஞ்சம் ஜாஸ்தி" என்போம். நாலு நாள் வீடு பசியாறியது யாரால்? அந்த அத்தையை என்றைக்காவது உட்கார வைத்து ஒரு வாய் பரிமாறியிருக்கிறோமா?

நடுவர் அவர்களே, தீக்குச்சியை யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம். நெய்யில் ஊறிய திரிதான் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி எரியும். தயாராக இருப்பதே மனிதனை உயர்த்தும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.