தொடாத விரல்

(கான்சாபுரம் காலனியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பிரசவத்தில் செத்துப்போன ஒரு பெண்ணோட மகன். இங்கே நின்று பேச எனக்கிருக்கிற தகுதி அதுதான்.

எங்க அம்மா நாத்து நடப் போகும். ஊர் பேர் வேண்டாம், வத்திராயிருப்புப் பக்கம்தான். வருசம் 1988. நர்சம்மா வாரம் ஒருநாள் வரும். ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில உக்காந்து ஊசி போடும். எங்க தெருவுக்குள்ள கால் வைக்காது. சத்து மாத்திரையைக் காகிதத்துல மடிச்சுத் திண்ணை ஓரத்துல வைக்கும், அம்மா எடுத்துக்கணும். கீழிமையை இழுத்துப் பார்த்தாத்தானே ரத்தசோகை தெரியும்? அதுக்கு விரல் படணுமே! அம்மா வெளுத்துக்கிட்டே போச்சு. அஞ்சாவது பிரசவத்துல ரத்தம் நிக்கல. “படிக்காத சனம், கடைசி நேரத்துல தூக்கிட்டு வர்றாங்க” என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இந்தப் ‘படிக்காத சனம்’ என்ற சொல்லைத்தான் நாம் உடைக்க வேண்டும். நம் சாவுக்கு நம்மையே பொறுப்பாக்குகிற சொல் அது.

11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் ஒரு நூல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்தார்கள் என்கிறது. வர மறுத்தவர்கள் படித்தவர்கள்தானே? தலித் பெண் சாகும் சராசரி வயது, உயர்சாதிப் பெண்ணைவிட 14.6 ஆண்டு குறைவு என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு சொன்னது. குடிநீர், கழிப்பறை வசதியெல்லாம் சமமென்று வைத்துக் கணக்கிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்துக்குப் பெயர் என்ன தோழர்களே? அமெரிக்காவிலும் இதே கதைதான். 2021இல் லட்சம் பிறப்புக்கு 69.9 கறுப்பினத் தாய்மார் இறந்தார்கள், வெள்ளையர் 26.6. படித்த கறுப்பினப் பெண்ணும் தப்பவில்லை.

வேங்கைவயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் சனம் தொட்டிமேல் ஏறிப் பார்த்தது. உள்ளே மலம். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது, அந்தத் தெரு இளைஞர் மூன்று பேர் மேலேயே. தெரு அதை ஏற்கவில்லை. நோயும் நமக்கு, பழியும் நமக்கா?

சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி, ஆஸ்பத்திரிக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நம்மை நுழையவிடாமல் தடுத்தால் அது குற்றம். நம்ம தெருவுக்கு வராமலே இருந்தா? அதைச் சட்டம் அவ்வளவு தெளிவாச் சொல்லல. அதனாலதான் நாம கேக்கணும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசியை இந்தக் காலனிக்குள்ளயே வந்து போடணும், கர்ப்பிணிகளை வீடு வீடா வந்து பார்க்கணும்னு மனு எழுதியிருக்கோம். பொம்பளைகள் முதல்ல கையெழுத்துப் போடுங்க. போடத் தெரியாதவங்க ரேகை வைங்க. மை டப்பா அந்தத் திண்ணையில இருக்கு.