விளக்கைக் குறைக்கலாம், காவலைக் குறைக்கலாகாது

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், மின் வாரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நமதூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

எல்லாப் புகழும் இறைவனுக்கே உரியன. ரமலான் மாதத்திலும் பெருநாளிலும் நமது பள்ளிவாசலிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் அமைக்கப்பெறும் மின்னொளி அலங்காரம் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளனர். மின் வாரியத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கம்பத்தில் ஏறியும் இறங்கியும் பணியாற்றியவன் என்பதைத் தவிர, இம்மேடையில் நிற்பதற்கு வேறு தகுதி எனக்கில்லை. அலங்காரம் தேவையா, எந்த அளவுக்குத் தேவை என்பன ஆலிம்கள் எடுத்துரைக்க வேண்டியவை. செய்வதென்று ஊர் முடிவு செய்துவிட்டால், அதனை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்பதே நான் பேச வந்த பொருளாகும்.

பள்ளிவாசலில் முதன்முதலாக விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இறையில்லத்தில் ஒளி ஏற்றுவது தொன்மையான பணி. அதே வேளையில், இரவில் உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக் கூடுமென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதையும் நாம் அறிவோம். விளக்கின் அழகைப் போலவே விளக்கின் ஆபத்தையும் நமக்குக் கற்பித்த மார்க்கம் இது. அன்று திரியை இழுத்த எலி, இன்று நமது பள்ளியின் மாடியில் ஒயரைக் கடிக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

சகோதரர்களே! சென்ற ரமலானில் நடந்த ஒன்றை, நிர்வாகத்தின் அனுமதியுடன், இச்சபையில் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒளி அமைப்பாளருக்குக் கொடுக்கும் தொகையை மிச்சப்படுத்தலாம் என்று கருதி, நமது இளைஞர்களே சீரியல் செட்டுகளை வாங்கி வந்து மினாராவிலிருந்து முன்வாசல் வரை கட்டினார்கள். அவர்களது ஆர்வம் பாராட்டுக்குரியது. “செலவில்லாமல் முடித்துவிட்டோம்” என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். இருபத்தேழாம் இரவு, தராவீஹ் தொழுகைக்காக ஹவுளில் ஒளுச் செய்துவிட்டு ஈரக் காலுடன் வந்த ஒரு சிறுவன், இரும்புக் கிராதியைத் தொட்டவுடன் கையை உதறிக் கொண்டு அழுதான். “சுள்ளென்று இழுக்கிறது” என்றான். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோதித்தேன். காற்றில் ஆடி ஆடிக் கிராதியில் உராய்ந்த ஒயரின் மேலுறை கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று யாரோ ஒருவர் அங்கே தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். எர்த் இணைப்பு இல்லை. மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும் இல்லை. அச்சிறுவன் கிராதியைத் தொடாமல் இறுகப் பிடித்திருந்தால், அவ்வாண்டுப் பெருநாள் நமதூரில் எவ்வாறு விடிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இறைவன் காப்பாற்றினான். ஆனால் நாம் காப்பாற்றவில்லை. முப்பத்தோர் ஆண்டு அனுபவம் உடைய நான் ஒரு முறையேனும் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்வே என்னை இன்று பேச வைக்கிறது.

இது நமதூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாவின் தேர், உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். வழிபாட்டிற்காகத் தெருவில் கூடிய நம்மைப் போன்ற எளிய கிராமத்து மக்கள் அவர்கள். மின்சாரம் இன்ன சமயத்தார் என்று பார்ப்பதில்லை. விழா நாளில் கூட்டம் பெருகும், கவனம் சிதறும், தலைக்கு மேலே என்ன செல்கிறது என்பதை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நம்மைப் போன்ற வெப்பமான கிராமப்புறத்தில் இவ்வேலை நகரத்தைவிடக் கடினமானது என்பதையும் நாம் உணர வேண்டும். வெயிலில் நாட்கணக்கில் காயும் மலிவான ஒயரின் மேலுறை விறைத்து வெடிக்கிறது. கோடையில் மண் உலர்ந்துவிடுவதால் எர்த் குழி சரிவர வேலை செய்வதில்லை. அதில் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நோன்புக் கஞ்சி வழங்குவதற்காக நாம் போடும் கீற்றுப் பந்தல் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். இன்னொன்றையும் கருதுங்கள். பிறைக் கணக்கின்படி ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகிறது. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் ரமலான் தொடங்கும். அதற்கடுத்த ஆண்டுகளில் அது நமது வடகிழக்குப் பருவமழைக் காலத்திற்குள் நுழையும். இதுகாறும் வெயிலில் செய்த வேலையை இனி மழையில் செய்யவிருக்கிறோம். ஈரத்தில் செய்யப்படும் பிழையை மின்சாரம் மன்னிப்பதில்லை.

ஆகவே இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் கூலிக்கு ஒப்படைப்போம் என்பது எனது முதல் கோரிக்கை. ஆனால் கூலி கொடுத்துவிட்டால் மட்டும் நமது பொறுப்பு தீர்ந்துவிடாது. சவுண்ட் சர்வீஸ் என்று பலகை வைத்திருப்போர் அனைவரும் தேர்ந்தவர் அல்லர். தமிழ்நாட்டில் மின் ஒப்பந்தக்காரருக்கும், ஒயர்மேன் என்று நாம் அழைக்கும் கம்பியாளருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் உரிமமும் தகுதிச் சான்றும் வழங்குகிறது. விலை கேட்பதற்கு முன்பு அவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படி எடுத்து ஜமாஅத் அலுவலகக் கோப்பில் வையுங்கள்.

இரண்டாவதாக, வாய்மொழியாகப் பேசி முடிக்காமல் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எத்தனை விளக்குகள், மொத்தம் எத்தனை வாட், எவ்வளவு தடிமனான கேபிள், எந்த நாளில் கட்டுவது, எந்த நாளில் அவிழ்ப்பது என்பன அதில் இடம்பெற வேண்டும். விளக்கு எரியும் இரவுகளில் அவருடைய ஆள் ஒருவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அனைத்தையும் அவிழ்த்துச் சென்ற பின்னரே மீதித் தொகை. பெருநாள் முடிந்து ஒரு மாதமாகியும் மினாராவில் தொங்கிக் கொண்டிருக்கும் ஒயர்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

வாட் கணக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். ஜீரோ வாட் என்று நாம் அழைக்கும் பழைய பல்பு உண்மையில் ஏறத்தாழ 15 வாட் மின்சாரத்தை எடுக்கிறது. அத்தகைய 600 பல்புகள் கட்டினால் 9,000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 39 ஆம்பியர் ஆகும். பள்ளியின் பழைய ஒயரிங் அதனைத் தாங்காது, சூடேறி உருகும். அதே 600 விளக்குகளை ஒரு வாட் எல்.இ.டி. விளக்குகளாகக் கட்டினால் 600 வாட். மூன்று ஆம்பியருக்கும் குறைவு. வெப்பமும் குறைவு, மின் கட்டணமும் குறைவு. எனவே ஒப்பந்தத்தில் எல்.இ.டி. என்றே எழுத வேண்டும்.

மூன்றாவதாக, மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் உரிய காலத்தில் விண்ணப்பித்துத் தற்காலிக மின் இணைப்புப் பெற வேண்டும். தெருக்கம்பியில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி மின் திருட்டு ஆகும். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. திருடிய ஒளியில் இறையில்லம் அழகு பெறாது. மின் கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் தோரணம் கட்டவே கூடாது. ஜெனரேட்டர் வைப்பதானால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இன்றி இணைக்கக் கூடாது. அவ்வாறு இணைத்தால் நமது ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிச் செல்லும்; மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைக் குடிக்கும். அந்தக் கம்பத்தில் பல இரவுகள் நின்றவன் என்ற முறையில் இதனைக் கெஞ்சிக் கேட்டுக் கொள்கிறேன்.

நான்காவதாக, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைத் தற்காலிக இணைப்பிலும், மற்றொன்றைப் பள்ளியின் நிரந்தர இணைப்பிலும் பொருத்த வேண்டும். விளக்குகளை ஏற்றுமுன் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஹவுள், கிராதி, தகரக் கொட்டகை, கீற்றுப் பந்தல் ஆகிய நான்கின் அருகேயும் ஒயர் செல்லக் கூடாது. எவருக்கேனும் மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பின்னர் 108-ஐ அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்பதை மோதினாரும் இளைஞர்களும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் செலவு கூடுமே என்று கேட்பீர்கள். கூடத்தான் செய்யும். உரிமம் உள்ளவர் கேட்கும் கூலி அதிகம். நல்ல கேபிளின் விலை அதிகம். அதற்கு எனது பதில் ஒன்றுதான். மினாரா முழுவதும் கட்ட வசதியில்லையெனில் முன்வாசலில் மட்டும் கட்டுவோம். பத்து நாட்களுக்கு வசதியில்லையெனில் இரண்டு இரவுகளுக்குக் கட்டுவோம். விளக்கைக் குறைக்கலாம், காவலைக் குறைக்கலாகாது. வீண் விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கத்திற்கும் அதுவே பொருத்தமாகும்.

இறுதியாக, மேலே ஏறும் அந்தத் தொழிலாளியைப் பற்றி. கோயில் திருவிழாவிற்கும், மாதா கோயில் தேருக்கும், நமது பெருநாளுக்கும் ஒளி அமைப்பவர் பெரும்பாலும் ஒருவரே. ஓர் ஊரில் அவிழ்த்து, உறக்கமின்றி மறு ஊரில் கட்டுபவர். மிகக் குறைந்த விலைக்கு வாருங்கள் என்று நாம் பேரம் பேசும்போது, அவர் குறைப்பது தமது லாபத்தை மட்டுமன்று. கையுறையையும், இடுப்புக் கயிற்றையும், உதவியாளரின் கூலியையும் குறைக்கிறார். பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் நமது மினாராவில் ஏற்ற மாட்டோம் என்று நாம் உறுதி கொள்ள வேண்டும். அவருக்கு விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் அந்தச் சிறு தொகையை ஜமாஅத்தே கட்டலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் அவரையும் அமர வைத்துக் கஞ்சி கொடுங்கள். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்ற நபிமொழி அவருக்கும் உரியதே.

நமது இளைஞர்களைப் புறக்கணிக்குமாறு நான் கூறவில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், இரவுக் காவலுக்கும், எர்த் குழிக்கு நீர் ஊற்றவும் அவர்கள் வேண்டும். விரும்புவோர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் படிப்புப் பயின்று, முறைப்படி தகுதிச் சான்று பெற்று வரட்டும். அன்று இந்தப் பள்ளியின் விளக்கை அவர்கள் கையிலேயே ஒப்படைப்போம்.

நான் கூறியவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, வரவிருக்கும் ரமலானிலிருந்தே நடைமுறைப்படுத்துமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன். தொழ வந்த ஒரு குழந்தையும், கூலிக்கு ஏறிய ஒரு தொழிலாளியும் நலமாக வீடு திரும்பும் இரவே நமக்குப் பெருநாள் இரவு. அத்தகைய இரவுகளை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.