ஆலயம் எரிந்த வெள்ளியும் வங்கி காத்த புதனும்: லண்டன், 1780



சமய நல்லிணக்கம் குறித்து ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு என்பது இந்த அறக்கட்டளையின் விதி. நல்லிணக்கத்தைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பேசிவிடலாம். யாருக்கும் வருத்தம் இராது. அது குலைந்த ஓர் ஊரை நாள்வாரியாகப் பார்த்தால் பயன் கூடுதல் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே 1780ஆம் ஆண்டு ஜூன் மாதத்து லண்டனை எடுத்துக்கொண்டேன். கோர்டன் கலவரம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது அதைத்தான்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர் மீதான வெறுப்பு அந்த ஊரில் இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஆனால் அது ஊரையே ஒரு வாரம் எரித்ததற்குப் பொறுப்பு ஆட்சியாளர்களுடையது. யார் வீட்டு வாசலில் தீ என்று பார்த்துத்தான் அவர்கள் அசைந்தார்கள்.

1. சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

1778ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் இயற்றியது. அரசருக்கு விசுவாசம் காட்டி உறுதிமொழி எடுக்கும் கத்தோலிக்கர் நிலம் வாங்கலாம், வாரிசாகப் பெறலாம். பள்ளி நடத்தினால் ஆயுள் சிறை என்ற தண்டனை நீங்கியது. குருவானவரைக் காட்டிக்கொடுத்தால் 100 பவுன் பரிசு என்ற பழைய ஏற்பாடும் ஒழிந்தது. வழிபாட்டு உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. லண்டன் கத்தோலிக்கர் அச்சமின்றிப் பூசை காண, சார்டினியா, பவேரியா போன்ற நாடுகளின் தூதரகச் சிற்றாலயங்களே அப்போதும் கதி.

அரசுக்கு ஏன் திடீரென்று இந்த இரக்கம்? அமெரிக்கக் குடியேற்றங்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு ஆள் வேண்டும். ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் அயர்லாந்திலும் கத்தோலிக்க இளைஞர்கள் இருந்தார்கள். சட்டம் அவையில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. எதற்காக என்று தெருவில் இருந்தவனுக்கு எடுத்துச் சொல்ல எந்த அமைச்சரும் மெனக்கெடவில்லை. அந்த இடைவெளியில் வதந்தி குடியேறியது: போப்பாண்டவர் ஆட்சி திரும்புகிறது, அரசரே கத்தோலிக்கர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு. 1779இல் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கலகம் வெடிக்க, ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் வராது என்று அரசு பின்வாங்கியது. கலகம் செய்தால் காரியம் நடக்கும் என்று லண்டன் அன்றே கற்றுக்கொண்டது.

2. மனுவும் நீலப்பட்டையும்

1779 நவம்பரில், அந்தச் சட்டத்தை எதிர்த்த புராட்டஸ்டண்ட் சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் ஜார்ஜ் கோர்டன் பிரபு. கோமகன் வீட்டு இளைய மகன், நாடாளுமன்ற உறுப்பினர், முப்பது வயதுகூட நிரம்பாதவர். 1780 ஜூன் 2, வெள்ளிக்கிழமை, தேம்ஸ் நதியின் தென்கரையில் செயின்ட் ஜார்ஜ் வெளியில் ஏறத்தாழ 50,000 பேர் கூடினார்கள். தொப்பிகளில் நீலப்பட்டை. சட்டத்தை நீக்கக் கோரிப் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்ட மனுவைச் சுமந்துகொண்டு நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். பிரபுக்களின் வண்டிக் கண்ணாடிகள் உடைந்தன. மனுவை உடனே எடுத்துக்கொள்ள அவை மறுத்தது.

அன்றிரவு சார்டினியத் தூதரகச் சிற்றாலயமும் பவேரியச் சிற்றாலயமும் சூறையாடப்பட்டன. படை வந்தது, தாமதமாக வந்தது, சிலரைப் பிடித்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் கத்தோலிக்கரின் வீடுகளும் ஆலயமும் இடிக்கப்பட்டபோது சிப்பாய்கள் பக்கத்திலேயே நின்றார்கள். மேயர் பிராக்லி கென்னட் உத்தரவு கொடுக்கவில்லை.

மேயரைக் கோழை என்று சொல்லி முடித்துவிட முடியாது. 1768இல் இதே செயின்ட் ஜார்ஜ் வெளியில், சிறையில் இருந்த அரசியல்வாதி ஜான் வில்க்ஸுக்கு ஆதரவாகத் திரண்ட கூட்டத்தின் மீது படை சுட்டது. உத்தரவிட்ட நீதிபதி சாமுவேல் கில்லம் மீது கொலை வழக்கு. விடுதலையானாலும், குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டுத்தான் வீடு போனார். கூட்டத்தைக் கலையச் சொல்லும் கலகச் சட்டத்தை வாசித்து ஒரு மணி நேரம் கழியாமல் சுடக்கூடாது என்பது பரவலான எண்ணம். வாசித்த நீதிபதியின் வீடு மறுநாள் இலக்காகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்னியர் வீட்டுக்காக அந்த ஆபத்தை யார் சுமப்பது? கத்தோலிக்கர் அன்று அன்னியராகவே எண்ணப்பட்டார்கள்.

3. தீ இடம் மாறியது

செவ்வாய்க்கிழமை கூட்டம் நியூகேட் சிறைக்குப் போனது. வெள்ளியன்று பிடிபட்டவர்களை மீட்பது நோக்கம். சிறை அதிகாரியின் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையே வாசலில் குவித்துக் கொளுத்தினார்கள். கதவு விழுந்தது, கைதிகள் தெருவுக்கு வந்தார்கள். அன்றிரவே புளூம்ஸ்பரி சதுக்கத்தில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் வீடு. அவரும் மனைவியும் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் கைப்பட எழுதிய வழக்குக் குறிப்புகளும் ஜன்னல் வழியே வந்து தெருவில் எரிந்தன. இவர்மீது ஏன் கோபம்? 100 பவுனுக்கு ஆசைப்பட்டுக் குருக்களை இழுத்து வந்த ஒற்றர்களிடம், பிடிபட்டவர் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர்தான் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டுக் கேட்டே வழக்குகளைத் தளரவைத்தவர் மான்ஸ்ஃபீல்டு. வெறுப்புக்கு இடம் கொடுத்த சட்டத்தை, அந்தச் சட்டத்தின் நுணுக்கத்தாலேயே தடுத்தவரின் நூலகம் சாம்பலானது.

அன்றைய தெருவைக் கண்ணால் கண்டவர்களில் ஒருவர் இக்னேஷியஸ் சாஞ்சோ. அடிமைத்தளையில் பிறந்து, வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக்கடை நடத்திய ஆப்பிரிக்கர். ஜூன் 6இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பன்னிரண்டு வயதுப் பையன் முதல் அறுபது வயதுக் கிழவர் வரை நீலப்பட்டையோடு போன கந்தல் கூட்டத்தை வருணிக்கிறார். தாமே வேற்றாளாகப் பார்க்கப்பட்ட ஊரில், இன்னொரு சிறுபான்மையினருக்கு நடந்ததைக் கண்டு அவர் பதறிய பதற்றம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

புதன்கிழமை ஹோல்பர்னில் தாமஸ் லாங்டேல் என்ற கத்தோலிக்கரின் சாராய வடிப்பாலை எரிந்தது. பதப்படாத சாராயம் சாக்கடையில் ஓட, மண்டியிட்டு அள்ளிக் குடித்தவர்கள் அங்கேயே சாய்ந்தார்கள். சிலர் தீயில் வெந்தார்கள். கலவரத்தை ஆராய்ந்த ஜார்ஜ் ரூடே என்ற வரலாற்றாசிரியர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தாக்கப்பட்டவர்களில் ஏழை ஐரிஷ் கூலிகளைவிட, கத்தோலிக்கச் செல்வரும் வணிகரும் விடுதிக்காரருமே அதிகம். கலகக்காரரில் பெரும்பாலோரும் கூலிக்கு உழைத்தவர்கள். மதத்தின் பெயரால் கிளம்பிய கூட்டத்துக்குள் வயிற்றெரிச்சலும் இருந்தது. அதற்காக மதவெறுப்பு பொய்யாகிவிடாது. எந்தப் பணக்காரனை அடிப்பது என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வெறுப்புதான்.

4. வங்கி வாசல்

அதே புதனன்று கூட்டம் இங்கிலாந்து வங்கியை நெருங்கியது. அன்று அரசர் தலைமையில் கூடிய ஆலோசனை மன்றத்தில் தலைமை வழக்கறிஞர் வெடர்பர்ன் சொன்னார்: கொடுங்குற்றத்தைத் தடுப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை, சிப்பாயும் குடிமகனே, நீதிபதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளியன்று இருந்த சட்டமும் இதே சட்டம்தான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படை இறங்கியது. வங்கி வாசலில் நின்று சுட்டவர்களில் 1768இல் கூட்டத்தின் நாயகனாயிருந்த ஜான் வில்க்ஸும் ஒருவர்.

அரசுக் கணக்குப்படி இறந்தவர் 285 பேர். பின்னர் தூக்கிலிடப்பட்டவர் 25 பேர் அளவில். வெள்ளியன்று சில உறுதியான கைகளால் நின்றிருக்கக் கூடியதற்குப் புதனன்று இத்தனை உயிர் விலை. செத்தவர்களிலும் ஏழைகளே மிகுதி. வங்கிக்கு அன்று தொடங்கிய இராணுவ இரவுக் காவல் 1973 வரை நீடித்தது. சிற்றாலயங்களுக்கு அப்படி ஒரு காவலை யாரும் யோசிக்கவில்லை.

கோர்டன் மீது இராஜத்துரோக வழக்கு நடந்தது. 1781 பிப்ரவரியில் விசாரித்தவர், வீட்டை இழந்த அதே மான்ஸ்ஃபீல்டு. ஜூரர்கள் கோர்டனை விடுதலை செய்தார்கள். பிற்காலத்தில் அவர் யூத சமயம் தழுவினார். அவதூறு வழக்கில் சிறைப்பட்டு 1793இல் நியூகேட்டிலேயே இறந்தார்.

5. கற்றதும் கற்காததும்

கத்தோலிக்கர் சட்டப்படி வழிபட 1791 வரையும், நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரையும் காத்திருக்க நேர்ந்தது. லண்டனுக்கு முறையான காவல்துறை வந்ததும் அதே 1829இல்தான். இரண்டையும் அவையில் நிறைவேற்றியவர் ஒருவரே, ராபர்ட் பீல். முன்னதை அவர் விரும்பிச் செய்யவில்லை. அயர்லாந்தின் நெருக்கடி செய்யவைத்தது. பின்னதைக் கத்தோலிக்கருக்காகக் கொண்டுவரவும் இல்லை. ஆயினும் உரிமையைத் தருவதும் உரிமை பெற்றவரைக் காப்பதும் சேர்ந்து நடக்க வேண்டிய வேலைகள் என்பதை 1778க்குப் பிறகான இரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன. பாதுகாக்க மனமில்லாத அரசு கொடுக்கும் சலுகை, பெறுகிறவரைக் கூட்டத்துக்கு அடையாளம் காட்டிக்கொடுப்பதில் போய் முடியும்.

எனவே ஓர் அரசின் சமய நல்லிணக்கத்தை அளக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். அதன் விழாப் பேச்சுகளை விட்டுவிடுங்கள். முதல் கல் விழுந்த நாளுக்கும் முதல் உறுதியான உத்தரவு பிறந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த இடைவெளியில் யாருடைய வீடுகள் எரிந்தன, யாருடைய வீடு தொடப்பட்டபோது உத்தரவு வந்தது என்றும் எழுதிவையுங்கள்.