கல்லூரி தந்ததும் கொண்டு சென்றதும்

சிற்றூரிலிருந்து கல்லூரி புகும் மாணவர் முதலில் மறைக்க முற்படுவது தம் தமிழைத்தான். 1870இல் மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற நாளிலும் ஆங்கிலமே அங்கு அரசோச்சியது. அவரோ தம் தமிழை மறைத்தாரல்லர். 1892இல் பி.ஏ. தேறிப் பின்னர் அக்கல்லூரியிலேயே தமிழாசிரியப் பணியை விரும்பி ஏற்றார். ஆங்கிலக் கல்வியும் வீண்போகவில்லை. அங்குக் கற்ற 'சானட்' வடிவைத் தழுவித் தமிழில் பாடித் 'தனிப்பாசுரத் தொகை' தந்தார். அந்நூலில்தான் பரிதிமாற் கலைஞர் என்று பெயர் பூண்டார். இயற்றியவர் பெயர் நோக்காது பாட்டை மட்டும் நோக்கிப் பிறர் மதிப்பிட வேண்டும் என்பது அவர் கருத்து. (இன்றைய இளங்கவிஞர் எத்தனை பேர் இதற்குத் துணிவர்?) கல்லூரிப் புதுமுகத்தினர் அவரிடம் கேட்டறிய வேண்டியவை பல. ஆர்வமுடைய மாணவரை இல்லத்திற்கே அழைத்துத் தமிழ் கற்பித்த அவர், 1903இல் தம் 33 அகவையில் மறைந்தார்.