சம்ப் மூடியைத் திறக்கும் முன்

(தேசியப் பாதுகாப்பு தினமான மார்ச் 4 அன்று நம் மொட்டைமாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் தூத்துக்குடி துறைமுகப் பகுதியில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சி பிளாக் குடியிருப்பாளர்.)

"பத்து நிமிஷம் பேசுங்க அண்ணாச்சி, இங்கிலீஷ் வார்த்தையாப் போட்டுப் பயமுறுத்தாதீங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் வேலை பார்த்த காலமெல்லாம் காதில் விழுந்தது அந்த வார்த்தைகள்தான். ஹஸார்ட், ரிஸ்க், நியர் மிஸ், பெர்மிட். கப்பலை விட்டுவிடுகிறேன். நம் வளாகத்தில் இருக்கிற சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் வைத்தே சொல்கிறேன்.

மூடி போட்டுப் பூட்டியிருக்கிற செப்டிக் டேங்க் ஒரு ஹஸார்ட். தமிழில் அபாயம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே விஷவாயு இருக்கிறது, ஆனால் யாரும் இறங்காதவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. மூடியைத் திறந்து ஒருவர் ஏணியில் கால் வைக்கிறார் பாருங்கள், அங்கேதான் ரிஸ்க் ஆரம்பிக்கிறது. அதை இடர் என்கிறார்கள். அபாயம் டேங்குக்குள் கிடப்பது. இடர் நாம் கொடுக்கிற வேலையால் வருவது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்று பலர் கேட்பார்கள். ஒன்றில்லை. வாயுவை நம்மால் இல்லாமல் ஆக்க முடியாது, ஆள் இறங்குவதை நிறுத்த முடியும்.

ரிஸ்க்கை அளக்க ஒரு கணக்கு உண்டு. நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1 முதல் 5 வரை ஒரு மார்க். நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று 1 முதல் 5 வரை இன்னொரு மார்க். இரண்டையும் பெருக்க வேண்டும். போன கமிட்டிக் கூட்டத்தில் சம்ப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். "பன்னிரண்டு வருஷமா கழுவுறோம், ஒண்ணும் ஆகல" என்று எல்லோரும் வாய்ப்புக்கு 1 கொடுத்தார்கள். பாதிப்பு உயிர்ச்சேதம், அதற்கு 5. பெருக்கினால் வெறும் 5, பச்சைக் கட்டம். மாடிப்படி வழுக்குவதற்கு அன்று 12 வந்தது! கணக்கு தப்பில்லை, போட்ட மார்க்தான் தப்பு. ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு வாய்ப்பு குறைவு என்று அர்த்தம் கிடையாது. ஒரு தடவையும் உள்ளே காற்றை அளந்து பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. பாதிப்பு 5 என்று வந்துவிட்டால் பெருக்கிப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி.

நாம் மூச்சு விடுகிற காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக்கூடாது. மூடிக்கிடக்கிற இரும்புத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "வாடை போயிருச்சு" என்று இறங்குவார்கள். நல்ல தண்ணீர் சம்ப்பும் விலக்கில்லை. உள்ளே பெட்ரோல் பம்ப் செட்டை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துத் தேய்த்தால் குளோரின். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது விஷவாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும்.

2020 ஜூலையில் நம் மாவட்டத்துக் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டுச் செப்டிக் டேங்கில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் பழைய துறைமுகத்தில் ஒரு பார்ஜின் பல்லாஸ்ட் தொட்டிக்குள் மூன்று பேர். இந்த மாதிரி விபத்துகளில் ஒருவரோடு நிற்பது அபூர்வம். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார், அவரைத் தூக்க இன்னொருவர்.

எனக்கும் நேர்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கப்பலில், திறந்து கிடந்த தொட்டியின் ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டேன். ஒரு பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்து, "ஏல, செத்துப்போவ" என்று ஓர் அறை விட்டார். அன்றைய மேலாளர், "ஒண்ணும் ஆகலல்ல, எழுத வேண்டாம்" என்றார். இதற்குத்தான் நியர் மிஸ் என்று பெயர், நூலிழையில் தப்பியது. அதை எழுதிவைக்காததால் அடுத்த ஷிஃப்டிலும் அந்த மூடி திறந்தே கிடந்தது.

ஹெல்மெட்டும் பெல்ட்டும் கடைசிப் பாதுகாப்பு. முதல் கேள்வி, ஆள் இறங்கத்தான் வேண்டுமா? செப்டிக் டேங்குக்கு லாரி வைத்து உறிஞ்சலாம், 14420க்கு அழைக்கலாம். சம்ப்பை மேலிருந்தே நீள பிரஷ்ஷாலும் பம்ப்பாலும் பெரும்பாலும் முடிக்கலாம். முடியவே இல்லை என்றால்தான் பெர்மிட். மூடியைத் திறந்துபோட்டு ஊதுகாற்று, கேஸ் மீட்டரில் அளவு, இடுப்புக்கயிறு, மேலே விட்டு நகராத ஓர் ஆள். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பெர்மிட் என்பது அவ்வளவுதான்.

மேலே நிற்கிற ஆள் நம் கடற்கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளிப்பு இங்கே 1961வரை நடந்தது. மூழ்குகிறவருக்கு ஒருவர் தோணியில் கயிறு பிடித்தபடியே இருப்பார், கயிறு அசைந்தால் இழுப்பார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிறவரும் இருந்தார், கடல்கட்டி என்பார்கள். மந்திரம் தைரியம் கொடுத்திருக்கும், மேலே தூக்கியது கயிறுதான். செப்டிக் டேங்குக்கு வெறும் துணி மாஸ்க்கோடு ஆளை அனுப்புவது எனக்கு அந்த மந்திரம் மாதிரித்தான் தெரிகிறது.

"கான்ட்ராக்டர் பொறுப்புதானே?" என்று பொருளாளர் கேட்டார். முழுக்க இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நேராக வைத்தாலும் ஆள் மூலம் வைத்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு பி பிளாக் சம்ப் கழுவுகிறோம். கேஸ் மீட்டர் வாடகைக்குக் கேட்டிருக்கிறோம், வராவிட்டால் வேலையைத் தள்ளிவைப்போம். மேலே நிற்க இரண்டு பேர் வேண்டும், முழு நேரமும், போனைப் பையில் போட்டுவிட்டு. செக்யூரிட்டி அறையில் நோட்டு இருக்கிறது, பெயர் எழுதுங்கள். அதே நோட்டின் கடைசிப் பக்கங்கள் நியர் மிஸ் எழுதுவதற்கு. போன வாரம் பெயிண்டரின் கயிறு நழுவியதை ஏ பிளாக் அக்கா ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.